சுடலையம்மாள் சொல்லாத எண்ணிக்கை

வேணுகோபாலுக்குத் தன் மனைவி சுடலையம்மாள் மேல் பன்னிரண்டு வருசமாக ஒரே ஒரு மனக்கசப்புதான். அது தொடங்கிய வருசம் ஐப்பசியில் கால்நடைக் கணக்கெடுக்க வந்த ஆளிடம், வாசலில் நின்றபடி, "நூத்திப் பதிமூணு உருப்படி சார்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். ஆட்டுக்காரர் வீட்டில் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்வது கிடையாது; சொன்னால் கண்பட்டு மந்தை குறையும் என்பார்கள். யார் கேட்டாலும் "ஏதோ கெடக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை துப்பப் போய்விட வேண்டும். இவள் சொன்ன இருபதாம் நாள் நீலநாக்கு நோய் வந்தது. இருபத்தாறு ஆடுகளைக் குழி தோண்டி மூடினார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் மிக்சி புகைந்தாலும் சரி, மழை தவறினாலும் சரி, "அன்னைக்கு வாயத் தொறந்தா பாரு" என்பார் அவர். அவளோ கட்டுரை நோட்டு திருத்த உட்கார்ந்துவிடுவாள்.

சுடலையம்மாள் அவருக்கு மாமன் மகள்தான். அவர் ஆறாவதோடு நின்றவர். அவள் தபாலிலேயே படித்துத் தமிழில் எம்.ஏ. முடித்தவள். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருசமாகத் தமிழ் டீச்சர். பஸ்ஸில் போகும்போது சுவர் விளம்பரத்தில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தால்கூடத் தலையில் அடித்துக்கொள்வாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஒன்று, உள்ளதைச் சொல்வாள். இல்லாவிட்டால் சும்மா இருப்பாள்.

இந்த வருசம் பங்குனியில் தாளாளர் அவளைக் கூப்பிட்டார். பதினோராம் வகுப்பில் பிள்ளைகள் எல்லாம் மார்க் அள்ளலாம் என்று பிரெஞ்சு எடுக்கிறார்கள், தமிழுக்கு மிஞ்சியது ஏழே பேர். "லீவுல பிரெஞ்சு படிச்சிட்டு வாங்க டீச்சர். மொதப் பரீட்சை பாஸ் பண்ணிட்டா ரெண்டையும் நீங்களே எடுங்க. இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்."

அப்படித்தான் நாற்பத்தாறு வயதில், ஜவுளிக்கடை மாடியில் நடந்த நாற்பது நாள் வகுப்பில், காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். சொல்லிக் கொடுத்தது காரைக்காலிலிருந்து வந்த இந்துஜா என்ற பெண்.

கோடைதான் வேணுகோபாலுக்கு வேலை முறுகும் காலம். பருத்தி எடுத்து முடிந்த கரிசல் நிலங்களில் கிடை போட வேண்டும். உரத்துக்காக ராத்திரி முழுக்க ஆடுகளை வலைக்குள் அடைத்து, ஒரு நிலம் முடிந்ததும் அடுத்ததற்கு மாற்ற வேண்டும். அந்தச் சித்திரையில் கிடை கயத்தாறு ரோட்டை ஒட்டியே கிடந்தது. வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, தூக்குவாளியோடு வருவாள் சுடலையம்மாள். அவர் சாப்பிடுகிற நேரத்தில் வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படிப்பாள். ஆடுகள் அசை போட்டுக்கொண்டே கேட்கும்.

"அவிய ஊர்ல கடைக்குள்ள போனா மொதல்ல போன்ஜூர்னு வணக்கம் சொல்லணுமாம் அத்தான். சொல்லாம சாமான் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுவாவளாம்."

"நம்ம ஊர்ல பாக்கி வச்சிருக்கவனுக்கு வணக்கம் சொன்னாலும் திருப்பிக்கிடுவான்."

"ஒருத்தர்கிட்ட சம்பளம் எவ்வளவுன்னு கேக்கவே கூடாதாம். பெரிய மரியாதக் குறைச்சலாம்."

வேணுகோபால் கஞ்சியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "பாத்தியா! அவியளுக்கும் வெளிய சொல்லக் கூடாத எண்ணிக்கைன்னு ஒண்ணு இருக்குல்லா. வெள்ளக்காரனுக்குத் தெரியுது, எம் பொண்டாட்டிக்குத் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் வந்த நடையே சரியில்லை. தூக்குவாளியை வைத்துவிட்டு ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, என்ன?"

"பேச்சுத் தேர்வுக்கு ஒத்திகை வச்சாவ. இருவத்தஞ்சுக்கு ஆறு."

"ஆறா! தெனம் இங்கன வந்து ஆட்டுக்கெல்லாம் பாடம் நடத்துனியே."

"வீட்டுக்காரர் என்ன செய்யுதாருன்னு கேட்டாவ. சொன்னேன். எத்தன ஆடுன்னு கேட்டாவ." அவள் சேலை நுனியை முறுக்கினாள். "வாய் ஒட்டிக்கிட்டு. அதுக்குப் பெறகு கேட்டது எதுக்குமே பேச்சு வரல. இந்துஜா, எனக்கு நம்பரே தெரியலைன்னு நெனச்சுட்டா."

"கூறுகெட்டவளே, வாய்க்கு வந்தத சொல்ல வேண்டியதுதான?"

"பத்துன்னு சொல்லத்தான் பாத்தேன். சொன்னா பத்துதான் மிஞ்சுமோன்னு பயந்து நிறுத்திட்டேன். நாளன்னைக்கும் இதத்தான் கேப்பாவ, ஒவ்வொருத்தர் வீட்டையும் தொழிலையும்தான் கேப்பாவளாம். வேல போனாலும் போகட்டும் அத்தான். மறுபடியும் எம் வாயால ஒரு ஆடு சாக வேண்டாம்."

வேணுகோபால் கஞ்சியைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருசமாக ஏசியபோதெல்லாம், இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தார். காதில் போட்டது மட்டுமில்லை, அடிவயிற்றில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். கையைக் கழுவினார். துண்டை உதறினார். ஒரு ஆட்டை அது சும்மா நிற்கும்போதே "ஏய், போ அங்கிட்டு" என்று விரட்டினார்.

"ஒரு விசயம்," என்றார் அவள் முகத்தைப் பார்க்காமல். "அந்த வருசம் தடுப்பூசி முகாம் நடந்துச்சுல்லா. ஆட்டையெல்லாம் பத்திக்கிட்டுப் போய் ஊசி போட்டுட்டேன்னு சொன்னேன்லா. போடல. கயத்தாத்துல கபடி மேட்ச். சேக்காளி முனீஸ்வரனோட அங்க போயிட்டேன்."

ஒரு லாரி ரோட்டில் ஆரன் அடித்துப் போனது.

"ஏசணும்னா ஏசிரு."

"தெரியும்," என்றாள்.

"என்னது?"

"ஆடு சாகத் தொடங்குன மறுநாளே மாட்டு டாக்டர் சொல்லிட்டாரு, ஒங்க ஆடு முகாமுக்கே வரலையேன்னு."

"தெரிஞ்சுக்கிட்டேவா பன்னெண்டு வருசம் ஏச்சு வாங்குன?"

"ஆடு போன வயித்தெரிச்சல்ல இருந்தீக. ஏசுததுக்கு ஒரு ஆளு வேண்டாமா?" லேசாகச் சிரித்தாள். உடனே முகம் பழையபடி ஆகிவிட்டது. "ஆனா நீங்க ஏச ஏச, ஒருவேள எம் வாயாலயும் இருக்குமோன்னு எனக்கே தோணிட்டு. படிச்சு என்ன செய்ய?"

வேணுகோபால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "நாளன்னைக்குக் கேட்டா உள்ளதச் சொல்லிரு. நான் சொல்லுதேன். எந்த ஆட்டுக்கும் ஒண்ணும் ஆவாது. ஊசியெல்லாம் வருசம் தவறாம போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

பரீட்சையன்று காலை, இஸ்திரி போட்ட நீலச் சேலையோடு கிடைக்கு வந்தாள் சுடலையம்மாள். கரிசல் புழுதி சேலையில் படியாமல் வரப்பிலேயே நடந்து வந்தாள். ஆடுகள் இன்னும் வலைக்குள்தான் நின்றன. பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"பஸ் ஸ்டாப்புக்குப் போகாம இங்கன என்ன செய்யுத?"

"உள்ளதச் சொல்லிருன்னுல்லா சொன்னீக. உள்ளது எனக்கு எப்பிடித் தெரியும்? அன்னையில இருந்து நான் ஒரு நாள்கூட எண்ணிப் பாத்ததில்ல."

வேணுகோபாலுக்கு எண்ணிக்கை மனப்பாடம். ஆனால் அதை நாக்கில் கொண்டுவந்து எத்தனையோ காலமாகிவிட்டது. சுற்றிலும் பார்த்தார். பக்கத்து நிலத்தில் யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

அவள் ஒரு எட்டு பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"காதுக்குள்ள வேண்டாம். அப்பிடிச் சொன்னா அங்க போயும் எனக்குக் காதுக்குள்ளதான் சொல்ல வரும். வலையைத் தெறந்து ஒவ்வொண்ணா வெளிய விடுங்க அத்தான். வெரல நீட்டி, சத்தமா எண்ணுங்க. ரோட்டுக்குக் கேக்கணும்."