விதை வெங்காயக் கொட்டிலுக்கு மூன்று சுபநேரம்

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தில் நான் முகாமையாளராக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. சீமெந்து இல்லை, தகரம் இல்லை, டீசல் இல்லை. இல்லாதவற்றை எழுதத் தொடங்கினால் அதிலேயே கட்டுரை முடிந்துவிடும். இருந்தவற்றை வைத்து ஒரு வெங்காயக் கொட்டில் கட்டிய விதத்தைச் சொல்கிறேன். இன்று வேலைத்திட்டங்களைப் பொறுப்பெடுக்கும் பிள்ளைகளுக்கு உதவக்கூடும்.

முந்திய மாரியில் எங்கள் பழைய கொட்டில் ஒழுகி, அங்கத்தவர்களின் விதை வெங்காயம் அழுகிப்போனது. அவர்களில் ஒருவரான கந்தையா அண்ணையின் தோட்டத்தில் அந்தத் தை மாதம் புல்தான் முளைத்தது. சங்கக் கூட்டங்களில் வாய் திறக்காத மனிதர், அந்த முறை எழுந்து நின்றார்.

“இந்த முறையும் அழுகினால் நடுறதுக்கு என்னட்டை ஒண்டுமில்லைப் பிள்ளை. தோட்டத்தை விட்டிட்டுக் கூலிக்குத்தான் போகோணும்.”

மழைக்கு முன் புதுக் கொட்டில் எழும்பும் என்று நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

1. சுவரில் தொங்கிய அட்டவணை

முகாமைத்துவப் பயிற்சியில் படித்தபடி கலர் பென்சிலால் அட்டவணை போட்டு அலுவலகச் சுவரில் ஒட்டினேன். எந்த வேலை, எந்தத் திகதி, யார் பொறுப்பு, எல்லாம் அதில் இருந்தது. மேசன் ராசன் பார்த்து “ஓம் அக்கா” என்றான். மரவேலைக்குப் பொறுப்பான ஓடாவியார் செல்லத்துரை அண்ணையும் தலையாட்டினார். திகதி வந்தது, ஆட்கள் வரவில்லை. வாசல் நிலை வராமல் சுவரை எழுப்ப முடியாது என்றான் ராசன். மரம் இன்னும் காயவில்லை என்றார் ஓடாவியார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு இருவர் வீட்டுக்கும் மாறிமாறி ஓடினேன். என் வாய் ஊரறிந்தது. நான் சத்தம் போட்டால் உடனே தேத்தண்ணி வரும், நிலை வராது.

2. பக்கத்து ஒழுங்கையில் நிலை வைத்தார்கள்

அந்த வாரம் பக்கத்து ஒழுங்கையில் ஒரு புது வீட்டுக்கு நிலை வைக்கும் நாள். அழைத்திருந்தார்கள், போனேன். வாசலில் மாவிலை கட்டி, சந்தனம் பூசி, பளபளவென்று ஒரு நிலை நின்றது. பக்கத்தில் சலவை வேட்டியோடு எங்கள் செல்லத்துரை அண்ணை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மரம் மட்டும் எப்படிக் காய்ந்தது என்று ஒதுக்கமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பிள்ளை, இது நேரம் குறிச்ச வேலை. நிலை வராமல் நேரம் போச்செண்டால் இவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் முழிக்கோணும். உங்கடை திகதிக்குப் பிந்தினால் நீங்கள் ஒராள்தானே பேசுவியள்?”

சைக்கிளில் வரும்போது சிரிப்பு வந்தது. மனிதர் உண்மையைத்தான் சொன்னார். என் அட்டவணையில் இருந்த திகதிகளுக்காகக் காத்திருந்தது நான் மட்டுமே.

மறுநாள் காலை சாத்திரியாரிடம் போனேன். எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை கிடையாது. என் சாதகப்படி நான் இருபத்திரண்டு வயதிலேயே கடல் கடந்து போயிருக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் காரைநகரைக்கூடத் தாண்டவில்லை. அதைக் கணித்தவரும் அவர்தான் என்பதால் என்னைக் கண்டதும் கொஞ்சம் தயங்கினார். நிலைக்கு ஒரு நல்ல நேரம், கூரைக்கு முகட்டு வளை ஏற்ற ஒன்று, வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் தூக்க ஒன்று, எல்லாம் மழைக்கு முன் வேண்டும் என்றேன்.

“நல்ல நேரம் எல்லா மாசத்திலையும் கிடக்குது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு இடைவெளி வேணும்? அதை முதல்லை சொல்லும்” என்றார்.

சொன்னேன், குறித்துத் தந்தார். ஆசை விடவில்லை. சுண்ணாம்பு குழைக்கவும் ஒரு நேரம் கேட்டேன். பஞ்சாங்கத்தை மூடிவிட்டார்.

“எல்லாத்துக்கும் நேரம் வைச்சால், பிறகு ஒரு நேரத்துக்கும் சனம் வராது பிள்ளை.”

அங்கத்தவர்கள், மேசன், ஓடாவியார், கூரை வேயத் தென்னோலைக் கிடுகு தரும் கிடுகுக்காரர் எல்லோரையும் குடும்பத்தோடு வரும்படி வீடு வீடாகப் போய் அழைத்தேன். வெங்காயக் கொட்டிலுக்கும் முகூர்த்தமோ என்று சங்கத் தலைவர் நையாண்டி பண்ணினார். ஓடாவியாரின் மனைவி எந்தச் சேலை உடுப்பது என்று கேட்டார். அப்போதே நிலை வந்துவிடும் என்று தெரிந்துவிட்டது. குறித்த நேரத்துக்கு முதல் நாளே வந்தது.

3. முகடு ஏறிய நாள்

சுவர் சொன்னபடி எழும்பியது. முகடு வைக்கும் காலை வானம் கறுத்துக் கிடந்தது. கொடிகாமத்திலிருந்து உழவு இயந்திரத்தில் கிடுகு வர வேண்டும். டீசலுக்குப் பதிலாக ஊற்றும் மண்ணெண்ணெயும் இல்லாமல் இயந்திரம் அங்கேயே நிற்கிறது என்று வழியில் பார்த்துவந்த ஒருவர் சொன்னார். கந்தையா அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குறித்த நேரத்துக்குத் தேங்காய் உடைத்து வளையை ஏற்றினோம். கைமரங்களை அடித்து முடிக்கும்போது ஒழுங்கை முனையில் மாட்டு மணி கேட்டது. இரண்டு வண்டில் நிறையக் கிடுகு. முன் வண்டிலில் இருந்து கிடுகுக்காரர் இறங்கினார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“மெசின் ஓடாதெண்டு தெரிஞ்சோடனை நேற்றே மாட்டைப் பூட்டிப்போட்டம். முகடு வைக்கிற இடத்துக்கு வெறுங்கையோடை வாறதே?”

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. பட்டு வேட்டியோடு வந்தவர்களும் மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். நையாண்டி பண்ணிய தலைவர் கீழே நின்று கிடுகு எடுத்துக் கொடுத்தார். வேய்ந்து முடிந்த பிறகுதான் மழை இறங்கியது. எல்லோரும் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தோம். ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

மூன்றாவது நேரத்தில் முதல் வெங்காயப் பிடியைத் தூக்கியவர் கந்தையா அண்ணை.

பிறகு எத்தனையோ வேலைகளை நடத்தினேன். அவற்றில் பலவற்றுக்குப் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. ஆனால் திகதி போடும்போதெல்லாம், அன்றைக்கு யார் யார் வந்து நிற்பார்கள் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஒருவரும் வராத திகதி என்றால் அழித்துவிடுவேன். மிஞ்சுவது இரண்டு மூன்றுதான். அவை போதும்.

மழை ஓய்ந்து பிடிகளை இறக்கியபோது கந்தையா அண்ணை ஒரு வெங்காயத்தை விரலால் அமர்த்திப் பார்த்தார். கல்லுப்போல இருந்தது. நாளைக்கு நடுகை, வாங்கோ என்றார். நல்ல நேரம் பார்த்தாயிற்றா என்று பகிடியாகக் கேட்டேன்.

“அதொண்டும் பாக்கேல்லைப் பிள்ளை. சனத்துக்குச் சொல்லிப்போட்டன்.”