சிகரெட்டு இல்லீங்க

போன செவ்வாய்க்கிழமை என் மேசை மேல், பி.பி. மெஷினுக்குப் பக்கத்தில், பாதி பிரித்த பீடிக்கட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது.

வைத்தவர் பச்சையம்மாள். "இத நீங்களே எங்கனா போட்டுடுங்கம்மா. வூட்டுக் குப்பையில போட்டா எடுத்துனு வந்து மோந்து பாக்கறாரு" என்றார். அவர் கணவர் ஏழுமலை பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார்.

ஏழுமலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் தேங்காய் கற்பூரக் கடை வைத்திருப்பவர். நான் டாக்டராக வேலை பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பி.பி. மாத்திரை வாங்க ஆறு வருடமாக வருகிறார். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. குளித்து, விபூதி இட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். வரிசையில் யாரையும் இடிக்க மாட்டார். இப்படி எல்லா பேஷண்டும் இருந்தால் எங்களுக்கு ஏன் பி.பி. ஏறுகிறது?

ஒவ்வொரு தடவையும் அவர் அட்டையில் சில கட்டங்களை நான் நிரப்ப வேண்டும். எடை, பி.பி., சாப்பாட்டில் உப்பு... அப்புறம் புகை. "சிகரெட் உண்டா?" என்பேன். "இல்லீங்க" என்பார். 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

மூன்று மாதம் முன்பு இருமலோடு வந்தார். அதே சலவைச் சட்டை, தோளில் நிற்காமல் தொளதொளத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எக்ஸ்ரே, ஸ்கேன், இன்னும் என்னென்னவோ எடுத்தார்கள். அங்கிருந்து வந்த காகிதத்தில் இரண்டு விஷயம் எழுதியிருந்தது. நுரையீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது. முப்பது வருடமாகப் பீடி, தினம் ஒரு கட்டு.

முதலாவதைப் படித்தபோது அழுகை வந்தது. இரண்டாவதைப் படித்தபோது கோபம் வந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதில்லை. இத்தனை வருடம் என் முகத்தைப் பார்த்து அந்த மனிதர் பொய் சொல்லியிருக்கிறார் என்று குமுறிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் பீடிக்கட்டு மேசைக்கு வந்தது. சும்மா இருப்பேனா? உடம்பு சரியில்லாதவர் என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிட்டேன் — என்னிடம் எதற்குப் பொய் சொன்னீர்கள்?

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பொய் சொல்லலீங்கம்மா. நீங்க சிகரெட்டுதான கேட்டீங்க? அத நான் தொட்டதே இல்லீங்க."



அவருக்குச் சிகரெட் என்பது செங்கம் ரோட்டில் காபி கடை வாசலில் வெளிநாட்டுக்காரர்கள் பிடிப்பது. காசு இருப்பவர்கள் பிடிப்பது. கெட்ட பழக்கம். பீடி? அது டீ மாதிரி. கடையைத் திறந்ததும் ஒன்று, நடுநடுவே எத்தனையோ, வியாபாரம் ஓய்ந்ததும் ஒன்று. அதைப் போய் டாக்டர் கேட்பாரா என்ன?

வாடைகூடவா தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பச்சையம்மாள்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் இவர் காலையிலிருந்து பீடியைத் தொட மாட்டாராம். டாக்டரம்மா முன்னால் வாயில் நாற்றத்தோடு நிற்பது மரியாதை இல்லையாம். பௌர்ணமி அன்றைக்கும் அப்படித்தானாம்... மலை சுற்றுகிறவர்கள் நடக்கிற பாதை என்று நாள் முழுக்க வாயில் வைக்க மாட்டாராம்.

அதாவது, மாதத்தில் இரண்டு நாள் அவர் பீடியை விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதை மூன்றாக்கி, பத்தாக்கி, முப்பதாக்குவதற்குத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

அது எனக்குத் தெரியாத வேலையும் இல்லை. வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலக கிளார்க். "சிகரெட் உண்டா?" என்றதும் "உண்டு மேடம்" என்று வழிந்தார். விடவில்லை நான். நாள் குறிக்க வைத்தேன், மெல்லுகிற மாத்திரை கொடுத்தேன், வாரா வாரம் போனில் திட்டினேன், நடுவில் ஒருமுறை சறுக்கியபோது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். போன தீபாவளியோடு முழுசாக விட்டுவிட்டார். ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். நான்கூட இரண்டு பேரிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அவர் பிழைத்ததற்குக் காரணம் என் திறமை இல்லை. என் கேள்வியில் இருந்த வார்த்தையும் அவர் பாக்கெட்டில் இருந்த வார்த்தையும் ஒன்றாக இருந்தன. அவ்வளவுதான்.

ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். அவர் பதறிப்போய் என்னைத்தான் தேற்றினார். பெரிய ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்ன அன்றே பீடியை நிறுத்திவிட்டாராம். இருபது நாளாகிறதாம். மேசை மேல் இருந்தது அன்றைக்கு மிச்சமான கட்டுதான். கை மட்டும் அவ்வப்போது தேடுகிறதாம்.

"உப்பு கம்மி பண்ணச் சொன்னீங்க, பண்ணேன். ஊறுகாய், கருவாடு எல்லாம் வுடச் சொன்னீங்க, வுட்டேன். இதையும் நீங்க சொல்லியிருந்தா வுட்டிருப்பேம்மா" என்றார்.

குற்றம் சொல்லவில்லை. சமாதானம்தான் சொன்னார். அதைக் கேட்டு நான் உடைந்துபோனேன். பச்சையம்மாள் தன் முந்தானையை என் பக்கம் நீட்டினார்.

இப்போது எல்லோரிடமும் "பீடியா, சிகரெட்டா, சுருட்டா, வாயில எதைப் பத்த வைக்கிறீங்க?" என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். பலர் "பீடிங்க" என்கிறார்கள், இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்பது போல.

அன்றைக்கு ஏழுமலைக்கு பி.பி. மாத்திரையும் எழுத வேண்டியிருந்தது. அட்டையை எடுத்தேன். 'சிகரெட்' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு மேலே 'பீடி' என்று எழுதினேன்.

"பீடி உண்டா?"

"இல்லீங்க."

'இல்லை' என்று எழுதினேன். ஆறு வருடமாக அவர் புகைக் கட்டத்தில் நான் எழுதிய 'இல்லை'களில் அது ஒன்றுதான் உண்மை.