கையெழுத்துக்கு நீட்டிய கடிதம்

மூன்று வருடங்களுக்கு முன், மாத்தளையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் இது நடந்தது. விஞ்ஞானப் பிரிவுக்கு அப்போது நான்தான் பொறுப்பு. இரசாயனவியல் படிப்பிக்கப் புதிதாக ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலியில்தான் வருவார்.

எங்கள் ஆய்வுகூட மேசைகள் நின்றுகொண்டு வேலை செய்யும் உயரம். நாற்காலியில் இருப்பவருக்குத் தோள்மட்டத்துக்கு வரும். பாவம், அமிலத்தையெல்லாம் எப்படிக் கையாளுவார் என்று நானே முடிவு கட்டி, செய்முறை வகுப்புகளை என் பேரில் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டேனா? அவரைச் செய்முறையிலிருந்து நிரந்தரமாக விடுவிக்கும்படி கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன். பெரிய புண்ணியம் செய்கிற நினைப்பு எனக்கு.

கையெழுத்துப் போடச் சொல்லிக் கடிதத்தை நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"இது போனா, இனி எந்த ஸ்கூல்லயும் என்னைய லெப்புக்குள்ள விட மாட்டாங்க சேர். மேசையக் குட்டையாக்கச் சொல்லி எழுதியிருந்தீங்கன்னா இப்பவே சைன் வச்சிருப்பேன்" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு தவணை முழுக்க, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கடிதத்தை அங்கேயே கிழித்தேன்.

ஆனாலும் மேசையில் கை வைக்கப் பயம். இன்வென்டரியில் ஏறிய அரசாங்க மேசை. மேசைக் காலை அறுத்தால், ஓடிட்டுக்குக் கணக்குப் பார்க்க வருபவர்களுக்கு யார் பதில் சொல்வது? அண்ணன் முறையில் நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் ஆய்வுகூட உதவியாளர் மரம் அறுக்கும் வாளோடு வந்து நின்றார். நான் இழுத்தடிப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சரோட வேலையப் பறிக்கப் பயப்படல்ல, மேசைக்குப் பயப்படுறீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சுருக்கென்று தைத்தது. அதிபரிடம் போய், பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். மேசையின் நான்கு கால்களும் முக்கால் அடி குறைந்தன.

மறுநாளே டீச்சர் நாற்காலியை மேசைக்கடியில் நகர்த்தி, பியூரெட் அளவுக்குழாயைத் தன் கண்மட்டத்துக்குப் பொருத்தி, பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். அடுத்த தவணை ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் பிள்ளைகளோடு ஓடை நீரைச் சோதிக்கப் போனபோது, எங்கே இறங்குவது என்று முதலில் அவரைத்தான் கேட்டேன். பாதையோரம் சமமாக இருந்த ஓர் இடத்தைச் சொன்னார். வேலை குறையில்லாமல் நடந்தது.

இன்றுவரை அவர் எனக்கு நன்றி சொன்னதில்லை. ஆரம்பத்தில் அது எனக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது. அவருடைய வேலையை அவரிடமே திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி எதற்கு என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.