தொத்தாத நோய்

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் புஞ்சைக்கு வேலி அடைக்க வேண்டுமென்றால் உக்கிரபாண்டியைத்தான் கூப்பிடுவார்கள். கருவேல முள்ளை வெட்டிக் கவைக்கம்பால் தூக்கி, ஆடு தலை நுழைக்க முடியாதபடி அடைத்துவிடுவான். வெள்ளைத்தாய் அவனுக்கு வாழ்க்கைப்பட்ட வருஷம், தேய்ந்துபோன டயர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு முள் அவன் உள்ளங்காலில் ஏறியது. அவள்தான் ஊசியால் நோண்டி எடுத்தாள். அவன் மறுநாளே வேலைக்குப் போய்விட்டான். முள்ளை இருவருமே மறந்துபோனார்கள்.

மகள் தங்கத்தாய் தவழ ஆரம்பித்த சமயத்தில் அந்தப் பாதம் தடிக்கத் தொடங்கியது. வலி இல்லை. "சதை போட்டிருக்கு பிள்ளை, நீ ஆக்கிப் போடுற சோறு அப்படி" என்று சிரித்தான். சிரிப்பெல்லாம் அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான். வீங்கிய பாதத்தில் அங்கங்கே துளை விழுந்து நீர் கசிந்தது. நீரோடு வேட்டு மருந்து போலக் கறுத்த மணிகள் வந்தன.

"வலிக்கலைன்னு வேற சொல்றானாமே? அப்ப பெருநோய்தான், குஷ்டம்" என்று ஊர் பேசியது. வெள்ளைத்தாய்க்கும் பயம் பிடித்துக்கொண்டது. அவனுக்குத் தனித் தட்டு வைத்தாள். பிள்ளையை அவன் தொட விடவில்லை. கடைசியில், அருப்புக்கோட்டைப் பஞ்சு அரவை மில்லில் வேலை பார்த்த அண்ணன் காளிராஜ் வந்து நின்றான்.

"பிள்ளையையாவது காப்பாத்து தாயி. கெளம்பு."

அவள் கிளம்பினாள். உக்கிரபாண்டி வாசலைவிட்டுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றான். "பாப்பாவுக்கு வெயிலு படாமத் துணியப் போட்டு மூடிக்க" என்றான். ஊரார் அவனைக் காட்டுக்குள் ஒரு குடிசையில் ஒதுக்கி வைத்தார்கள்.

அருப்புக்கோட்டையில் அவள் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிப் பிழைத்தாள். அப்பா எங்கே என்று மகள் கேட்கும்போதெல்லாம், "அவுகளுக்குத் தொத்து நோய். கிட்டப் போகக் கூடாது" என்பாள். கேட்டுக் கேட்டுப் பிள்ளை அதை மனப்பாடமாகவே வைத்திருந்தாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் காளிராஜின் கை அரவை இயந்திரத்தில் சிக்கியது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, துணைக்கு வெள்ளைத்தாய் இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் கமுதிப் பக்கத்து ஆள் ஒருவர். அவர் காலைப் பார்த்ததும் அவள் எழுந்து பின்னால் நகர்ந்தாள். அதே வீக்கம், அதே துளைகள், அதே கறுப்பு மணிகள். அவர் மனைவி அந்தக் காலை மடியில் தூக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, பயமா இல்லையா ஒனக்கு?"

"என்ன பயம்? இது தொத்தாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக."

அவள் நம்பவில்லை. டாக்டரம்மா வந்ததும் நேரே போய்க் கேட்டாள். அந்த அம்மாள் பஞ்சை எடுத்து நோயாளியின் வீங்கிய உள்ளங்காலில் லேசாக இழுத்தார். அவர் கூசிக் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பெருநோயா இருந்தா இப்படிக் கூசாதும்மா. இது பூஞ்சை. மழைக்கு முளைக்கிற காளான், ஊறுகாயில படருற பூசணம் எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்கதான். மண்ணுலயும் காஞ்ச முள்ளுலயும் கெடக்கும். முள்ளு குத்துறப்ப கூடவே உள்ள போயிடும். அப்புறம் வருஷக்கணக்கா சதைக்குள்ளயே குடியிருக்கும். இந்த மணி ஒவ்வொண்ணும் அது தனக்குக் கட்டிக்கிட்ட கூடு. வலிக்காததால யாரும் சீக்கிரம் வர்றதில்ல. நம்ம சீமையில பாத்து எழுதுனதால வெளிநாட்டு டாக்டருங்ககூட இதுக்கு மதுரைக் காலுன்னுதான் பேர் வச்சிருக்காங்க."

"ஆரம்பத்துலயே வந்திருந்தா?"

"பட்டாணி அளவு இருக்கும்போதே அறுத்து எடுத்திருக்கலாம். காலு தப்பிச்சிருக்கும்."

சித்திரை வெயிலில் மண் சுடுகிறதென்று வீங்கிய காலோடு அவன் நிழலுக்கு நிழல் தாவி ஓடியது அவள் கண்முன் வந்தது. காலில் உணர்ச்சி இருந்ததை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அண்ணனை, ஊரிலிருந்து வந்த மதினி பொறுப்பில் விட்டுவிட்டு மறுநாளே பஸ் ஏறினாள். காட்டுக் குடிசையில் அவன் முடைந்துகொண்டிருந்த வேலிப் படலைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"அங்கனயே நில்லு பிள்ளை. கிட்ட வராத."

அவள் போய் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். "தொத்தாதா? நெசமாவா?" என்று அவன் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான்.

பூஞ்சை எலும்பு வரை போயிருந்ததால் மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. கக்கத்தில் கட்டையோடு அருப்புக்கோட்டைக்கு வந்தவன், உட்கார்ந்த இடத்தில் நூல் சுற்றப் பழகினான். ஒருநாள் அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்னைய ஒரு வார்த்தை வஞ்சிருக்கலாமில்ல?"

"எதுக்கு வைய? நானும் பெருநோயின்னுதான நெனச்சேன். நீ இருக்கேன்னு சொல்லியிருந்தாலும் நானே வெரட்டித்தான் விட்டிருப்பேன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவன் திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மகளிடம் தொத்தாது என்று எத்தனையோ முறை சொன்னாள். தங்கத்தாய் தலையை ஆட்டுவாள். தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். அவன் எட்டி எடுத்துக் குடிப்பான். வருஷம் போகப் போக அந்தப் பயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகியது. அப்பன் கையில் செம்பைக் கொடுக்க அவள் பழகியபோது, அவன் மடியில் உட்காரும் வயசைத் தாண்டியிருந்தாள்.