வண்டுக்கு ஒரு ஓட்டை போதும்

பாறசாலைப் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது, முற்றத்துத் தென்னையின் குருத்து திடீரென்று வாடியது. எங்களோடு எல்லைத் தகராறில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் விஷம் வைத்துவிட்டார் என்று நினைத்து, போலீசுக்குப் புகாரும் எழுதி வைத்துவிட்டேன்.

மரத்தைப் பார்க்க வந்தவர் ஊரில் தேங்காய் பறிக்கிறவர். ஒல்லியான ஆள், நெஞ்செல்லாம் தழும்பு. எதைச் சொன்னாலும் விரல் மடக்கி எண்ணியபடியே சொல்வார். மேலே ஏறி, குருத்தைத் துளைக்கும் கொம்பன் வண்டு ஒன்றைக் கம்பியில் குத்தி எடுத்து வந்து காட்டினார்.

“விஷம் வைக்கணுமெங்கி அவரு மதில் சாடிக் கடக்கணும், உங்க நாய் குரைக்காம இருக்கணும், மரத்தில கேறணும். வண்டுக்கு ஒரு ஓட்டை போதும் சாரே.”

“அப்பம் அவரு தென்னைக்கு ஏன் ஒண்ணும் ஆகேல்ல?”

“ஒரு வண்டு ஒரே நேரம் ரெண்டு மரத்தில இருக்குமா?”

புகாரைக் கிழித்துப் போட்டேன்.

அவர் தெருவில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனார். எல்லா வீட்டிலும் தேங்காய் பறிப்பவரை யாருக்குத்தான் தெரியாது? பெயர் தெரிந்திருக்க அந்தக் காரணமே போதும். ஆனாலும், அந்த வண்டை மடியில் வைத்துக்கொண்டுதான் மரமேறினாரோ என்று இன்றும் சந்தேகம் வருகிறது.