ஏழு மாதம் அவிழாத பச்சைத் துணி

என் உம்மாவின் மூத்த சகோதரர் தாஸிம் 1889இல் மடவளையில் பிறந்தார். 1951இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இவ்விரு வருடங்களையும் பள்ளிவாசல் பதிவிலிருந்து எடுத்திருக்கிறேன். கண்டிக்கு அடுத்த ஒரு கிராமக்கோட்டில் அவர் நீண்ட காலம் சேவகராக இருந்தார். அது எந்த ஊர்க் கோடு என்பதை எழுதப் போவதில்லை. அங்கே சத்தியம் செய்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே ஊரில் வாழ்கிறார்கள். ஆனால் 1932இல் மாமாவைக் குர்ஆன் தூக்கும் வேலையிலிருந்து நீக்கிய காரணத்தைப் பலரும் பலவிதமாகச் சொல்வதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது அவசியமாகிறது. அன்று அந்த மண்டபத்தில் இருந்த மூவரிடம் தனித்தனியே கேட்டு, சபையில் நடந்ததில் மூவரும் ஒத்துச் சொன்னதை மட்டுமே இங்கே சேர்த்திருக்கிறேன்; மற்றவை மாமாவும் மாமியும் சொன்னவை.

கிராமக்கோடு என்பது வேலி, கிணறு, கால்நடை போன்ற சிறு வழக்குகளைத் தீர்க்கும் இடம். அதன் நீதிபதியைத் தலைவர் என்று அழைப்பார்கள். சாட்சி சொல்ல வருபவர் கிறிஸ்தவரானால் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்வார். சைவரும் பௌத்தரும் எழுந்து நின்று உறுதி கூறினால் போதும். முஸ்லிமுக்குக் குர்ஆன் வர வேண்டும். அதை அலுமாரியிலிருந்து எடுத்து, நெஞ்சுக்குக் கீழே இறக்காமல் கொண்டு வந்து சாட்சிக் கூண்டில் வைப்பதுதான் மாமாவின் உத்தியோகம். தொழுகைக்குப் போல முகமும் கை கால்களும் கழுவிச் செய்யும் வுளு இல்லாமல் அவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. பச்சைப் பட்டுத் துணியில் சுற்றிய அந்தப் பொதியின் மேல் சாட்சி வலக்கையை வைப்பார். துணியை அவிழ்க்கும் வழக்கம் இல்லை. வுளு இல்லாத கை அவிழ்க்கக் கூடாது என்று யாரோ தொடக்கத்தில் சொன்னது, காலப்போக்கில் எந்தக் கையும் அவிழ்க்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அதை மிகக் கண்டிப்பாகக் காத்தவரும் மாமாதான்.

1931 டிசம்பர் மழையில் கோட்டுக் கூரையின் ஓடு சரிந்து அலுமாரிக்குள் தண்ணீர் இறங்கியது. துணி நனைந்துவிட்டதால் மாமா பொதியை வீட்டுக்குக் கொண்டு போனார். மாமி ருக்கியா துணியைக் கழுவிக் காயப்போட்டு, குர்ஆனை ஈரம் போக வீட்டுக்குள்ளேயே ஒரு மேசையில் வைத்தார். அதே மேசையில் அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற, நபியின் புகழ் பாடும் மவ்லிது கிதாபும் காற்றாடக் கிடந்தது. இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் மண்ணிறத் தோல் அட்டை. உள்ளே இரண்டிலும் அரபு எழுத்து. திங்கட்கிழமை காலை, மாமா வுளு செய்துகொண்டிருந்த வேளையில், மாமி அவசரமாகப் பச்சைத் துணியைச் சுற்றிக் கொடுத்தார். மாமா அதை ஏந்திக்கொண்டு புறப்பட்டார். வழியில் பாலத்தடியில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனதாக, அன்று பின்னால் நடந்து வந்த ஒருவர் பிற்காலத்தில் சொன்னார்.

ஏழு மாதம் கழிந்தது. 1932 ஜூலையில் அந்தக் கோட்டுக்கு ஒரு புதிய தலைவர் நியமனமானார். கண்டி நகரத்தில் பிறக்கிராசியாக வழக்குப் பேசி வந்த மஹ்மூத். அதற்கு முன் அந்தக் கதிரையில் முஸ்லிம் எவரும் இருந்ததில்லை. பதவிச் சத்தியத்துக்குக் குர்ஆன் மேசைக்கு வரப்போவது முதல் தடவை என்பதால் மாமா புதிய வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். சனிக்கிழமை தலைமைக் கிளாக்கர் இராமநாதன் அவரைக் கூப்பிட்டு, தலைவர் சொல்லி அனுப்பியிருந்த ஒரு செய்தியைத் தெரிவித்தார். தலைவர் துணியின் மேல் கை வைக்க மாட்டாராம். துணியை அவிழ்த்து, திறந்த பக்கத்தின் மேல்தான் வைப்பாராம்.

மறுநாள், ரபீஉல் அவ்வல் மாத மவ்லிது ஓதப் பெண்கள் வரவிருந்ததால், மாமி கிதாபை எடுத்துத் திறந்தார்.

"இங்க வாங்களே! எங்கட வாப்பாட கிதாபுல என்னத்துக்குக் கோட்டு நம்பர் ஒட்டி ஈக்குது?"

மாமா வந்து பார்த்தார். அட்டையின் உட்புறத்தில் கோட்டுக் கடதாசி. அதில் பதினான்காம் இலக்கம். அடுத்த பக்கத்தில் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஸூரத்துல் பாத்திஹா.

"அப்ப கோட்டுல ஈக்கிறது?" என்று கேட்டார் மாமி.

மாமா அட்டையை மூடினார்.

"ஏழு மாசமா ஒருக்காவது தொறந்து பாக்கல்லையா நீங்க?"

"அதத் தொறக்கிற இல்ல."

"தொறக்காத கிதாபுக்கு என்னத்துக்கு ஒரு காவல்காரன்?"

திங்கட்கிழமை காலை மாமா உண்மையான குர்ஆனை வேறொரு துணியில் சுற்றி ஏந்திக்கொண்டு, எல்லோருக்கும் முன்னதாகக் கோட்டுக்குப் போனார். மேசைக்குப் பச்சைக் கம்பளி விரித்து, பித்தளை மைக்கூடும், மணிமுடி பொறித்த முத்திரையும், சத்தியக் கடதாசியும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. நடுவில் பச்சைத் துணிப் பொதி. சுவரில் மன்னரின் படம். வெளியே ஊர் அதிகாரிகளான ஆராச்சிமார் வெள்ளிப் பூண் போட்ட பிரம்புகளோடு வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தவரான இராமநாதன் மட்டும் உள்ளே இருந்தார்.

"என்ன காணும், கையில இன்னொரு பொட்டலம்?"

மாமா நடந்ததைச் சொன்னார். இராமநாதன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"பொண்டாட்டிக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப ஒருத்தருக்கும் தெரியாது. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறன், நீர் மாத்தி வையும். அவர் திறந்தால் குர்ஆன் இருக்கும். முடிஞ்சுது."

"ஹவ்வா உம்மாட கெணறு?"

இராமநாதனுக்கு அந்த வழக்கு நன்றாக நினைவிருந்தது. அவ்வருட ஏப்ரலில் ஹவ்வா உம்மா என்ற விதவைக்கும் பக்கத்து வளவு ஹுஸைனுக்கும் கிணற்றின் பேரில் வழக்கு நடந்தது. சாட்சிகள் ஒத்துவராத நிலையில், ஹுஸைன் குர்ஆனில் கை வைத்துக் கிணறு தன்னுடையது என்று சொன்னால் விட்டுக்கொடுப்பதாக ஹவ்வா உம்மா தானாகவே ஒப்புக்கொண்டார். ஹுஸைன் கை வைத்தார். அந்த ஒரு சத்தியத்தின் மேலேயே தீர்ப்பு எழுதப்பட்டது. பொதியைக் கொண்டு வந்து வைத்தவர் மாமா.

"அது முடிஞ்ச வழக்கு, ஐசே! இதைக் கிளப்பினால் ஏழு மாச வழக்கும் சேர்ந்து கிளம்பும். உம்மட உத்தியோகம் போகும். அலுமாரியைப் பூட்டுற திறப்பு என்னட்டை எல்லோ இருந்தது? என்னையும் கூப்பிட்டுக் கேப்பினம். பிள்ளையளை நினைச்சுப் பாரும்."

மாமாவுக்கு அப்போது ஐந்து பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தது. அவர் பொதிகளை மாற்றினார். பச்சைத் துணி குர்ஆனுக்குத் திரும்பியது. மவ்லிது கிதாபு அவருடைய கக்கத்துக்குப் போனது.

பத்து மணிக்கு மேளம் கேட்டது. கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்திலிருந்து வந்த வெள்ளைக்காரத் துரையும் புதிய தலைவரும் உள்ளே வந்தார்கள். சனம் சன்னல்களை மறைத்துக்கொண்டு நின்றது. துரையின் இங்கிலீஷைத் தமிழில் சொல்ல இராமநாதன் மேசைக்கு அருகே நின்றார். சைகை கிடைத்ததும் மாமா பொதியை ஏந்திப் போய்த் தலைவர் முன் வைத்தார். மஹ்மூத் முடிச்சை அவிழ்த்தார். அட்டையைத் திறந்து, பதினான்காம் இலக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் பார்த்துத் தலையசைத்தார். இராமநாதன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தலைவரின் வலக்கை உயர்ந்து பக்கத்தை நோக்கி இறங்கியது.

"சேர், கொஞ்சம் பொறுங்க."

மாமா கக்கத்திலிருந்த கிதாபை எடுத்துக் காட்டினார்.

"ஏழு மாசமா இந்தக் கோட்டுல எங்கட ஆக்கள் கை வெச்சது இதுல. இது மவ்லிது கிதாபு. இண்டைக்குக் காலயிலதான் நான் மாத்தி வெச்சன்."

துரை இராமநாதனைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம். மாமாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. இராமநாதன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னார். அலுமாரித் திறப்பு தன்னிடம் இருந்தது என்பதையும், மாற்றி வைக்கும்படி சொன்னது தானே என்பதையும் தானாகவே சேர்த்துச் சொன்னார்.

மஹ்மூத் கையை எடுத்தார்.

"தெரிஞ்சி செஞ்சீங்களா, தெரியாமச் செஞ்சீங்களா?"

"தெரியாம, சேர்."

"அப்ப கூண்டுல ஏறி, இதுல கைய வெச்சிச் சத்தியமாச் செல்லுங்க."

எத்தனையோ பேருக்காகத் தூக்கி வைத்த நூலை, மாமா அன்று தமக்காகத் தூக்கிக்கொண்டு போய்க் கூண்டில் வைத்தார். திறந்த பக்கத்தில் கையை வைத்து, "வல்லாஹி, எனக்குத் தெரி…" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். சன்னலில் யாரோ இருமினார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"செல்லுங்க," என்றார் மஹ்மூத்.

"பாரம் கொறஞ்சி ஈந்திச்சு, சேர். அண்டைக்கு ஊட்டுல ஈந்து வாற நேரம், கைக்கு வித்தியாசம் தெரிஞ்சிச்சு. பாலத்தடியில நின்டன். அவுத்துப் பாப்பமான்டு நெனச்சன். பாக்கல்ல. வேற ஒன்டாச்சின்டா நான் என்ன செய்யிற என்டு பயந்து, பாக்கல்ல. பொறகு ஒவ்வொரு தரம் தூக்கக்குள்ளயும் அந்தப் பயம் ஈந்திச்சு. இது தெரிஞ்சி செஞ்சதா, தெரியாமச் செஞ்சதா, எனக்கே செல்லத் தெரியா."

மஹ்மூத் துரையிடம் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு சொன்னார்:

"தாஸிம் நானா, இனி நீங்க இதத் தூக்க ஏலாது."

மாமா கையை எடுத்துக்கொண்டார். சத்தியம் இன்னும் நடக்கவில்லை. நூல் கூண்டில் இருந்தது. அதை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். இராமநாதன் இரண்டடி முன்னே வந்தவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் தொடக்கூடாது எல்லோ?"

மஹ்மூத் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, "இங்க ஆராவது வுளுவோட ஈக்கிறீங்களா?" என்று கேட்டார். கையை உயர்த்த ஒருவரும் இல்லை.

"அப்ப நீங்களே கொண்டாங்க. கடைசியா ஒருக்கா."

கூண்டிலிருந்து மேசைக்குப் பன்னிரண்டு காலடி. நான் அந்த மண்டபத்துக்குப் போய் நடந்து பார்த்திருக்கிறேன். மாமா நெஞ்சுக்குக் கீழே இறக்காமல் கொண்டு வந்து வைத்துவிட்டு, பின்னோக்கி நடந்து கதவடிக்குப் போய்விட்டார். தலைவர் மன்னருக்கு விசுவாசமாகவும், பயமும் பாரபட்சமும் இன்றியும் நீதி செய்வதாகச் சத்தியம் செய்தார். முத்திரை அவர் கைக்கு மாறியது. ஆராச்சிமார் பிரம்புகளைத் தாழ்த்தினார்கள்.

மாமாவைக் கோட்டு வேலையைவிட்டு முற்றாக நீக்கவில்லை. கதவடியில் நின்று வழக்காளிகளின் பெயரை மும்முறை கூப்பிடும் வேலையைக் கொடுத்தார்கள். மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் மட்டும் பின்வாங்கினார்கள். இராமநாதனுக்கு எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது. அதன்பின் ஒவ்வொரு சாட்சிக்கு முன்பும் துணியை அவிழ்த்துக் காட்டுவது அந்தக் கோட்டின் வழக்கமாயிற்று.

அந்த ஏழு மாதத்தில் பொதியின் மேல் சத்தியம் செய்தவர்கள் வந்து மீண்டும் செய்ய வேண்டும் என்று ஊரூராக மேளம் அடித்து அறிவித்தார்கள். ஹுஸைனின் முறை ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. கதவடியில் நின்று அவர் பெயரை மூன்று தரம் கூப்பிட்டவர் மாமாதான். ஹுஸைன் உள்ளே போனார். திறந்த பக்கத்தில் கையை வைத்தார். ஏப்ரலில் சொன்னதையே, ஒரு சொல் மாறாமல், நடுங்காத குரலில் சொன்னார். கிணறு அவருக்கே போயிற்று.

ஹவ்வா உம்மா வெளியே வந்தபோது மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்மணி நின்றார்.

"என்னத்துக்கு அந்தப் பக்கம் பாக்கிறீங்க? அண்டைக்கு நான் ஒரு துணிப் பொட்டலத்துக்கிட்டத் தோத்தன். இண்டைக்கு அப்புடி இல்ல. நான் கேட்டது குர்ஆன்ல ஒரு சத்தியம். அது கெடச்சிச்சு."

"கெணறு போயிட்டே, தாத்தா," என்று மாமா அவரை அக்கா முறை வைத்துச் சொன்னார்.

"போனா போகட்டும். தண்ணிக்குக் கங்க ஓடுது," என்று சொல்லிவிட்டு ஹவ்வா உம்மா படியிறங்கினார். உள்ளேயிருந்து இராமநாதன் அடுத்த வழக்கின் இலக்கத்தைச் சொன்னார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பெயரைக் கூப்பிடத் தொடங்கினார்.