பீங்கான் டெலிபோன்

காலையில் பாங்குக்குப் போன் செய்தேன். கார்டு வேலை செய்யவில்லை. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். கேட்டுக் கேட்டுச் செல்போன் காதில் சுட்டது. சூளையிலிருந்து சூடு ஆறாமல் எடுத்த இன்னொரு போன் ஞாபகத்துக்கு வந்தது.

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் ஒரு சின்னக் கம்பெனி. கரண்டுக் கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்வோம். கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு, அதாவது எதுவும் நேரத்துக்குப் போகாது. சரக்கு நன்றாகத்தான் இருந்தது; லாபம்தான் வரவில்லை. வாடிக்கையாளர்களிடம் பேசச் சொல்லித்தர முதலாளி பட்டணத்திலிருந்து ஒரு பயிற்சிக்காரரை வரவழைத்தார். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார், பாவம். "கோவமா பேசறவங்களுக்குக் குறுக்க பேசாதீங்க. முழுசா கேளுங்க. தப்ப ஒத்துக்குங்க. தினமும் போன்ல பழகுங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

எங்களிடம் போனே கிடையாது. மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். அதற்காகப் பயிற்சியை விடமுடியுமா? பேக்கிங் பார்த்த அஞ்சலையக்கா களிமண்ணில் ஒரு டெலிபோன் செய்து, பளபளப்புக்குக் கறுப்பு கிளேஸ் பூசி, இன்சுலேட்டர்களோடு சேர்த்துச் சுட்டெடுத்தார். ரிசீவர் அம்மிக்குழவி கனம். அதை எடுப்பவர் வாடிக்கையாளர். மூங்கில் தட்டிக்கு அந்தப்பக்கம் இருப்பவர் கம்பெனி. முதலாளி தினமும் குரலை மாற்றிக்கொண்டு திட்டுவார். சரக்குக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டே அஞ்சலையக்கா சமாதானம் சொல்வார்.

ஒருநாள் எங்களுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்த மின்வாரிய அதிகாரி சொல்லாமல் வந்து நின்றார். போன சரக்கில் பாதி உடைசலாம். அந்த ஆர்டர் போனால் சூளையை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். "இப்பவே கேன்சல் பண்றேன்" என்று மேஜைமேல் இருந்த ரிசீவரைத் தூக்கினார். முதலாளி தடுக்கக் கை நீட்டுவதற்குள் காதில் வைத்துவிட்டார்.

"மெட்ராஸ் ஆபீஸ் குடுங்க!"

முதலாளிதான் பழகுகிறார் என்று நினைத்த அஞ்சலையக்கா தட்டிக்குப் பின்னாலிருந்து, "வணக்கங்க. குடுக்கறேங்க. மொதல்ல என்னா கொறைன்னு சொல்லுங்க" என்றார்.

சொன்னார். என்னமாய்ச் சொன்னார் அதிகாரி! உடைசல், பதில் வராத கடிதங்கள், மேலதிகாரியின் ஏச்சு, கடைசியில் தன் மூட்டுவலி வரைக்கும். அக்கா குறுக்கே பேசவே இல்லை.

"தப்பு எங்க மேலதாங்க. ஒடஞ்சதுக்கு வேற அனுப்பிடறோம். இனிமே வைக்கோல ரெட்டையா சுத்தறேங்க. மூட்டுக்கு மொடக்கத்தான் கீரை சாப்புடுங்க."

அதிகாரி ரிசீவரைப் பதமாக வைத்தார். "சரி, ஆர்டர் இருக்கட்டும். ஒங்க ஊர் லைன் எவ்ளோ கிளியரா இருக்குது!" என்றார். தெரிந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிற்பாடு நிஜப் போன் வந்தது. ஒரே கரகரப்பு. அதிலும் அந்த அதிகாரி "அந்தம்மாகிட்ட குடுங்க" என்றுதான் கத்துவார். இப்போது அந்தச் சூளை இல்லை. அஞ்சலையக்காவும் இல்லை.

பாங்கின் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்துபோய், அந்த மூங்கில் தட்டி ஞாபகத்தில், பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒட்டடைதான் இருந்தது.